திரை இருண்டால் கணினி இறந்துவிட்டதா?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை இரவு மணி ஒன்பது. கலும்பாங்கில் ஒரு வீடு. பெர்ணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக், தஞ்சோங் மாலிம். இந்தப் பக்கம் உலு சிலாங்கூர், செம்பனைத் தோட்டங்கள். அப்பா தோட்ட வேலையில் ஓய்வு வயதை நெருங்கிக் கொண்டிருப்பவர். மகள் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய இடுபணி அவளுடைய மடிக்கணினிக்குள் இருக்கிறது. அது புதுக் கணினி அல்ல. யாரோ சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்றதை எண்ணூறு வெள்ளி கொடுத்து வாங்கியது. பொத்தானை அழுத்துகிறாள். சிறு விளக்கு எரிகிறது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிறது. திரை மட்டும் கரும்பலகை போல இருக்கிறது.

“அப்பா, லேப்டாப் செத்துப் போச்சுப்பா.”

“போன தீபாவளிக்குத்தானேம்மா வாங்கினோம்? அதுக்குள்ளயா?”

இது கற்பனைக் காட்சிதான். ஆனாலும் இதைக் கேட்கும் நேயர்களில் பலர், ‘நம்ம வீட்டிலும் நடந்ததுதானே’ என்று தலையாட்டக்கூடும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பெற்றோரின் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு பாடம் படித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தாக்கல் செய்யப்பட்ட 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தாபோங் செர்டிக் நிதியின் வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். பழைய கணினி வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. அதில் திரை போனால் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பதுதான் செலவு வைக்கிறது.

அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும்? மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் இருக்கும் லோ யாட் பிளாசாவுக்கோ, பக்கத்துப் பட்டணத்துக் கடைக்கோ போவார்கள். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போச்சு” என்பார். அல்லது “ஸ்கிரீன் மாத்தணும்” என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா என்று கேட்பதற்கு வேண்டிய விவரம் அப்பாவிடமும் இல்லை, மகளிடமும் இல்லை. நல்ல கடைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களும்கூட, ‘என்ன கோளாறு’ என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரைத்தான் விரும்புவார்கள்.

திரைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். வெள்ளைத் துணி, அதன் பின்னால் ஒரு விளக்கு, நடுவில் டாலாங் ஆட்டுகிற தோல்பாவை. மடிக்கணினியின் எல்.சி.டி. திரையும் ஏறக்குறைய இதே கதைதான். படத்தை உருவாக்கும் திரவப் படிகப் பலகைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால்தான் படம் கண்ணுக்குத் தெரியும். விளக்கு அணைந்தாலும் பாவைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கும், பார்ப்பவருக்குத்தான் ஒன்றும் தெரியாது. இந்தப் படத்துக்கும் விளக்குக்கும் வேண்டிய மின்சாரமும் கட்டளையும், விசைப்பலகைக்கு அடியில் இருக்கும் தாய்ப்பலகையிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாக, மூடியின் கீல் ஓரமாக ஏறி வருகின்றன.

ஆகவே திரை இருண்டால் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்தான் கோளாறு: பின்விளக்கு, கேபிள், படப்பலகை, தாய்ப்பலகை. வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே இருட்டு. செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

மருத்துவரிடம் போவதற்கு முன் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பது போல, வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. மின்னூட்டியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடிகிற கணினியென்றால் அதையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் எல்லாவற்றையும் மாட்டி இயக்க வேண்டும். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்து, சில கணினிகள் இதிலேயே விழித்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானையும் மறக்காமல் அழுத்திப் பார்க்க வேண்டும். வீட்டுச் சிறுவன் விளையாட்டாக வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருக்க, குடும்பமே கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போவதும் நடக்கக்கூடியதே.

கலும்பாங் வீட்டில் இது பலிக்கவில்லை. அடுத்தது டார்ச் லைட். மகள் அறை விளக்கை அணைக்கச் சொல்கிறாள். கைத்தொலைபேசியின் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடிக்கிறாள்.

“அப்பா, இங்க வந்து பாருங்களேன். லேசா எழுத்து தெரியுது.”

இந்த மங்கலான எழுத்து ஒரு பெரிய செய்தி. கணினி உயிரோடு இருக்கிறது, படமும் உருவாகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்று பொருள். எல்.இ.டி. பின்விளக்குள்ள கணினிகளில் இதற்குக் காரணம் விளக்கு வரிசையாக இருக்கலாம், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளாக இருக்கலாம், தாய்ப்பலகையில் உள்ள மிகச் சிறிய ஃபியூஸாகவும் இருக்கலாம். 2010க்கு முன் வந்த பல கணினிகளில் எல்.இ.டி. கிடையாது. பென்சில் முனையைவிட மெல்லிய ஒரு குழல்விளக்குத்தான் இருந்தது. அதை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்ற தனிச் சிறு பலகை பல நூறு வோல்ட் மின்சாரத்தை உண்டாக்கும். அப்படிப்பட்ட திரை சாகுமுன் சொல்லிவிட்டுத்தான் சாகும். இயக்கியதும் இளஞ்சிவப்பாகத் தெரியும், பிறகு மஞ்சள் ஏறி மங்கும், கடைசியில் ஒருநாள் அணையும். கணினி ஓடும்போது அந்த இன்வெர்ட்டர் பக்கம் கைவைக்கவே கூடாது. குழலுக்குள் பாதரசம் இருப்பதால் அதை உடைப்பதும் ஆபத்து.

டார்ச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் உடனே மனம் உடைந்துவிட வேண்டாம். உண்மையான தீர்ப்பைச் சொல்வது மூன்றாவது சோதனை. அதற்கு வேண்டிய கருவி நம் வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்ட்ரோ பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. கேபிளைத்தான் சொல்வது. பெட்டியின் பக்கத்து முனையைக் கழற்றி மடிக்கணினியில் மாட்டினால் போதும். பாட்டியின் நாடகம் பாதியில் நிற்கும், அந்தப் பிரச்சினையைக் குடும்பம்தான் சமாளிக்க வேண்டும்! கணினியில் எச்.டி.எம்.ஐ. துளை இல்லாமல், நீல நிறத்தில் அகலமான பழைய வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்தால், பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள பழைய கணினித் திரையில் மாட்டிப் பார்க்கலாம்.

தொலைக்காட்சியில் படம் ஒழுங்காக வந்தால், கணினியின் மூளைப் பகுதிக்கு ஒன்றுமில்லை. கோளாறு பெரும்பாலும் மூடிக்குள்ளோ கேபிளிலோதான். வெறும் பின்னணிப் படம் மட்டும் வந்து எழுத்து வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். கணினி தொலைக்காட்சியை இரண்டாவது திரையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, அம்புக்குறியால் ஓரிடம் நகர்த்தி எண்டர் தட்டினால் மாறும். மாறாவிட்டால் இன்னும் ஒரு முறை. தொலைக்காட்சியிலும் கோடுகளும் கட்டங்களுமாக வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ, சந்தேகம் தாய்ப்பலகை மீதும் நினைவகத்தின் மீதும் திரும்ப வேண்டும். நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் உயிர்பெற்ற கணினிகள் எத்தனையோ.

சோதனை நடக்கும்போதே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயக்கியவுடன் வரும் நிறுவனச் சின்னம் சரியாகத் தெரிந்து, விண்டோஸ் ஏறும் நேரத்தில் திரை அணைந்தால், அது பெரும்பாலும் மென்பொருள் விவகாரம். சின்னமே கோடு கோடாக வந்தால் விண்டோஸை அழித்து மீண்டும் ஏற்றுவதில் பயனில்லை. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்கவும் வேண்டாம். டெல் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘டி’ எழுத்தை அழுத்திப் பிடித்தபடி இயக்கினால், திரை தன்னைத்தானே சோதித்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களை வரிசையாகக் காட்டும். நிறங்கள் சுத்தமாக வந்தால் படப்பலகை நலம்.

இனிக் கீல். மூடியை ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து மூடினால், அந்தக் கேபிளும் பத்து முறை வளைந்து நிமிர்கிறது. பழைய கணினி என்றால் முந்தைய உரிமையாளர் எப்படித் திறந்தார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மூலையைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு. இயங்கும்போது மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் படம் வந்து வந்து போகிறதா? அப்படியென்றால் கேபிள்தான் முதல் குற்றவாளி. திரை வெள்ளை வெளேரென்று எரிந்து படம் மட்டும் வராமல் இருப்பதும் பல நேரம் கேபிள் தளர்ந்ததன் அடையாளமே. மூடி மூடியிருக்கிறதா என்று அறிவதற்குக் கணினிக்குள் ஒரு சிறு காந்த உணரி இருக்கிறது. அது கெட்டுப்போனால், திறந்திருக்கும் மூடியை மூடியதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். காந்தப் பூட்டு வைத்த கைத்தொலைபேசி உறையைக் கணினியின் மீது வைத்துவிட்டு, ‘திரை போச்சு’ என்று தேடினால் எங்கே கிடைக்கும்!

இப்படிக் கேபிளால் தலைகுனிவது மலிவுக் கணினிகள் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் புரோ கணினிகளில், திரையின் அடிப்பகுதியில் மேடை விளக்குகள் போல வெளிச்சத் திட்டுகள் தோன்றின. மூடியை அகலத் திறந்தால் விளக்கே அணைந்தது. திரை கேபிளின் நீளம் போதாமல் வளைந்து வளைந்து தேய்ந்ததே காரணம் என்று, கணினிகளைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் குழுவினர் 2019 ஜனவரியில் எழுதினார்கள். 2018இல் வந்த கணினியில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்ததையும் அவர்களே அளந்து காட்டினார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் அந்தக் கணினிகளுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கேபிளைத் தனியாக மாற்ற முடியாதபடி திரையோடு சேர்த்தே அமைத்திருந்ததால், சில வெள்ளி பெறும் கம்பிக்காக முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது பழைய விலைக்குக் கிடைக்கிறதே என்று அந்த ஆண்டு மேக்புக்கைப் பார்த்து ஆசைப்படுவோர், மூடியை முழுவதுமாகத் திறந்து பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

அதைவிட மோசமான கதை 2008இல் நடந்தது. வரைகலைச் சில்லுகள் தயாரிக்கும் இன்விடியா நிறுவனம், தனது மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் உள்ள குறைபாட்டைச் சரிக்கட்ட 15 கோடி முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாக அந்த ஆண்டு ஜூலையில் அறிவித்தது. டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட கணினிகளுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. சில்லு சூடேறி, ஆறி, மீண்டும் சூடேறும்போது அதைத் தாங்கும் நுண்ணிய ஈயப் பற்றுகள் விரிசல் விட்டன. திரையில் கோடு விழுந்தது, பிறகு இருண்டது. படப்பலகையை மாற்றிப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். சிலர் சில்லைச் சூடாக்கினார்கள், தாய்ப்பலகையை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்தவர்களும் உண்டு. கணினி உயிர்பெறும், சில வாரமோ சில மாதமோ ஓடும், மறுபடி படுத்துவிடும். அந்தக் கணினிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வித்தை இன்றும் இருக்கிறது. ‘சூடு காட்டி’ எழுப்பிய கணினியை விற்பனைக்கு வைத்தால், வாங்குபவரின் கண்ணுக்கு அது நல்ல கணினியாகத்தான் தெரியும். அதனால்தான் கடையில் ஐந்து நிமிடம் பார்த்தது போதாது. ஒரு காணொளியை அரைமணி நேரம் ஓடவிட்டு, கணினி நன்றாகச் சூடேறிய பிறகும் திரை நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

படப்பலகையே பழுது என்று உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய கோடு, மை சிந்தியது போன்ற கறை, சிலந்தி வலை விரிசல் ஆகியவை அதன் அடையாளங்கள். இதையெல்லாம் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. இங்கே பலர் செய்யும் தவறு, கணினியின் பெயரைச் சொல்லித் திரை வாங்குவது. ஒரே பெயருள்ள கணினியிலேயே இரண்டு மூன்று வகைத் திரைகள் இருக்கும். கேபிள் செருகும் முனை ஒன்றில் 30 ஊசி, இன்னொன்றில் 40 ஊசி. திருகு போடும் காதுகளும் மாறும். திரையைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்தாக வேண்டும். இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னூட்டியைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில், பேட்டரி உள்ளே இருக்கும்போதே திரைக் கேபிளைக் கழற்றி மாட்டினால், பின்விளக்குக்கான ஃபியூஸ் எரிந்துவிடலாம். பிறகு புதுத் திரையும் இருட்டாகவே இருக்கும். ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்று சண்டைக்குப் போனாலும் போவார்கள். பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். சோதனை வீட்டில், திருகாணி கடையில்.

கழற்றிய பழைய திரையைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனி எண்ணே இருக்கிறது.

சரி, வாங்கிய சில வாரத்திலேயே திரை போய்விட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார். அப்போது? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழைய பொருள் என்றால் புதுப்பொருளின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. கொடுத்த விலையும், விற்கும்போது சொன்ன சொல்லும் கணக்கில் எடுக்கப்படும். திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணம் செலுத்தி மனு கொடுக்கலாம். அங்கே கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2019இல் 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும். ‘திரை நல்லா இருக்கு, மூணு மாசம் கேரண்டி’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வியாபாரி அல்லாத தனிமனிதரிடம், பக்கத்துத் தாமானில் யாரோ விற்றார் என்று வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது. நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறோம், அதுவும் ரசீது இல்லாமல்.

கலும்பாங் வீட்டுக்குத் திரும்புவோம். டார்ச் வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது. ஆஸ்ட்ரோ கேபிளை மாட்டியதும் தொலைக்காட்சியில் படம் பளிச்சென்று வந்தது. அப்பா மூடியைப் பிடித்து மெதுவாக அசைக்க, ஓரிடத்தில் மடிக்கணினித் திரையும் ஒரு விநாடி மின்னி அணைந்தது.

“அங்கேயே பிடிங்கப்பா!”

“எவ்வளவு நேரம்மா பிடிச்சுக்கிட்டே நிக்கிறது? நீ டிவியைப் பார்த்து எழுது. சனிக்கிழமை கடைக்குப் போய், ‘கேபிளைப் பாருங்க தவுக்கே’ன்னு நேரா சொல்லிடலாம்.”

மகள் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு முன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வேலையாக இடுபணியை ஒரு விரலிச் சேமிப்பானில் பதிவு செய்துகொண்டாள். முடித்து அனுப்பியபோது மணி பதினொன்று நாற்பது. அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்:

“முடிஞ்சுதாம்மா? இப்ப என் நாடகத்தைப் போடு.”